கட்டி தட்டாத ராகிக் களியும் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பும்

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் களி என்றால் ராகிக் களிதான். உளுந்தங்களி, திருவாதிரைக் களி எல்லாம் வேறு சங்கதி. முதல்முறை கிண்டுகிறவர்களிடம் பலரும் "மாவைப் போட்டதும் விடாமல் கிண்டு" என்று சொல்வார்கள். நானும் அப்படித்தான் கிண்டினேன். உருண்டையைப் பிட்டால் உள்ளே பச்சை மாவு. எங்கள் ஆயா சொன்னது நேர் எதிர்: "மாவைப் போட்டுட்டுக் கையை எடு." களியின் சூட்சுமம் இவ்வளவுதான்.

முதலில் குழம்பு. களி சூடாக இருக்கும்போதே சாப்பிட வேண்டும், குழம்போ ஆற ஆறத்தான் ருசிக்கும். அதனால் இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

குழம்பு

மூன்று பேருக்கு 75 கிராம் நெத்திலிக் கருவாடு போதும். தலையைக் கிள்ளிவிட்டு வெந்நீரில் 10 நிமிடம் ஊற வையுங்கள். அப்புறம் மண் போக மூன்று நான்கு தண்ணீரில் அலசுங்கள். சிறிய எலுமிச்சை அளவு புளியையும் ஊறப் போடுங்கள்.

சட்டியில் மூன்று கரண்டி நல்லெண்ணெய் விட்டு, கடுகு, கால் ஸ்பூன் வெந்தயம், கறிவேப்பிலை தாளியுங்கள். வெந்தயம் கருகினால் குழம்பே கசந்துவிடும், சிவந்ததுமே அடுத்ததைப் போட்டுவிடுங்கள். 15 சின்ன வெங்காயம், 10 பல் பூண்டு வதங்கியதும் இரண்டு தக்காளி. அது குழைந்ததும் நான்காக வகிர்ந்த கத்தரிக்காய் நான்கு. இரண்டு ஸ்பூன் மிளகாய்த்தூள், மூன்று ஸ்பூன் மல்லித்தூள், கொஞ்சம் மஞ்சள்தூள் சேர்த்து ஒரு பிரட்டுப் பிரட்டிப் புளியைக் கரைத்து ஊற்றுங்கள். காய் மூழ்கும் அளவுக்குத் தண்ணீரும் வேண்டும்.

காய் வெந்து, பச்சை வாசனை போன பிறகுதான் கருவாடு. முன்னாலேயே போட்டால் கரைந்து முள்ளாகிவிடும். 7, 8 நிமிடம் கொதித்தால் போதும். கருவாட்டிலேயே உப்பு இருப்பதால் கடைசியில் ருசி பார்த்துத்தான் உப்புப் போட வேண்டும். எண்ணெய் மேலே மிதக்கும்போது இறக்கி மூடி வையுங்கள்.

கருவாடு சாப்பிடாதவர்கள் அதற்குப் பதிலாக வேகவைத்த மொச்சை போடலாம், அதுவும் களிக்குப் பொருத்தம்தான்.

களி

ஒரு டம்ளர் ராகி மாவு, கால் டம்ளர் அரிசி நொய், மூன்று டம்ளர் தண்ணீர். அடி கனமான பாத்திரமாக எடுங்கள். கிண்ட மரத் துடுப்பு இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் தடித்த மரக்கரண்டி.

தண்ணீர் கொதித்ததும் கழுவிய நொய்யையும் உப்பையும் போட்டுக் குழைய வேக விடுங்கள். வெந்ததும் அந்தக் கஞ்சித் தண்ணீரில் அரை டம்ளர் மொண்டு தனியே வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இப்போது அடுப்பைக் குறைத்து, ராகி மாவு முழுவதையும் நடுவில் குன்று மாதிரி கொட்டுங்கள். கிண்ட வேண்டாம். துடுப்புக் காம்பால் மாவின் நடுவே அடிவரை ஒரு குழி மட்டும் போட்டு, மூடி வைத்துவிடுங்கள். அந்தக் குழி வழியாகக் கஞ்சி பொங்கி மேலே வரும், ஆவி மாவுக்குள் ஏறும். இப்படி 7 முதல் 10 நிமிடம். பச்சை மாவைக் கொதிநீரில் உடனே கிண்டும்போது, ஒவ்வொரு கட்டியின் மேல்புறமும் வெந்து பசை போல மூடிக்கொள்கிறது. அதைத் தாண்டித் தண்ணீர் உள்ளே போகாது. கட்டி தட்டுவது அதனால்தான்.

அடுப்பை அணைத்துவிட்டுப் பாத்திரத்தைத் தரையில் இறக்குங்கள். பழைய துணியால் ஒரு பக்கம் யாராவது அழுத்திப் பிடித்துக்கொள்ளட்டும். மாவைப் பாத்திரத்தின் ஓரத்தில் வைத்து அழுத்தி அழுத்தித் தேய்த்துக் கிண்டுங்கள். கை வலிக்கும், ஆனாலும் விடாதீர்கள். இறுகலாக இருந்தால் எடுத்து வைத்த கஞ்சித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். வெளுத்த மாவு நிறம் போய் கருஞ்சிவப்பாக மினுங்க வேண்டும். அப்புறம் திரும்ப மிகச் சிறு தீயில் மூடி 3 நிமிடம்.

விரலைத் தண்ணீரில் நனைத்துக் களியைத் தொட்டுப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் வெந்துவிட்டது. ஒட்டினால் இன்னும் இரண்டு நிமிடம் ஆவியில் இருக்கட்டும்.

ஒரு கிண்ணத்தின் உள்பக்கம் தண்ணீர் தடவி, களியை அள்ளிப் போட்டுச் சுழற்றினால் உருண்டை தானாகத் திரண்டுவிடும். தட்டில் வைத்து நடுவில் குழி செய்து குழம்பை ஊற்றுங்கள். களியை மெல்லக் கூடாது. சின்னதாகப் பிட்டு, குழம்பில் நன்றாகத் தோய்த்து அப்படியே விழுங்க வேண்டும். மென்றால் பல்லில் ஒட்டிக்கொள்ளும், களி பிடிக்கவில்லை என்பவர்கள் பெரும்பாலும் மென்று பார்த்தவர்களாக இருப்பார்கள்.

மிஞ்சிய உருண்டையைத் தண்ணீரில் போட்டு மூடி வையுங்கள். காலையில் மோர் விட்டுக் கரைத்து, உப்பும் சின்ன வெங்காயமும் சேர்த்தால் குடிக்கக் கூழ் தயார். முந்தின நாள் கருவாட்டுக் குழம்பு சுண்டிப்போய்ச் சட்டியின் அடியில் கொஞ்சம் இருக்கும், அதைத் தொட்டுக்கொள்ள விட்டு வையுங்கள்.