காது கேளாதவரோடு கதைக்கக் கூச்சமா? முகத்தைப் பார்ப்பதிலிருந்து தொடங்குங்கள்

பெரியவர்கள் முன் முகத்தை நேரே பார்த்துக் கதைக்காதே, குரலைத் தாழ்த்து, ஆட்களை நோக்கி விரல் நீட்டாதே, சிரிப்பு வந்தால் வாயைப் பொத்து. யாழ்ப்பாணத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கிற இந்த அடக்கம் எல்லாம் காது கேளாத ஒருவரின் முன் தலைகீழாகிவிடும். நீங்கள் பணிவாகக் குனிகிற கணத்தில் அவருக்கு உங்கள் பேச்சு அறுந்து போகிறது. கூச்சத்தில் பாதி இந்த முரணால் வருவது. மற்றப் பாதி, பிழை விட்டுவிடுவோமோ என்ற பயம். பிழை விடத்தான் போகிறீர்கள். விட்டால் எப்படித் திருத்துவது என்று தெரிந்திருந்தால் போதும்.

முதலில் கூப்பிடும் விதம். பின்னால் நின்று "அண்ணை" என்று எத்தனை தரம் கூப்பிட்டும் பயனில்லை. அவருடைய பார்வை எட்டும் இடத்துக்கு வந்து, இடுப்புக்கும் தோளுக்கும் இடையில் கையை இரண்டு மூன்று தரம் அசையுங்கள். முகத்துக்கு நேரே ஆட்டினால் திடுக்கிடுவார். ஒரே பாலாராக இருந்தால் தோளில் அல்லது மேற்கையில் இரண்டு தரம் மெதுவாகத் தட்டலாம். காது கேளாதவர்கள் தங்களுக்குள் செய்வதும் இதுதான், யாரும் குறையாக எடுப்பதில்லை. ஆண் பெண் என்று வரும்போது நம் ஊரில் தொடுவது தயக்கமென்றால், அவருக்குப் பக்கத்தில் இருப்பவரைத் தட்டச் சொல்லுங்கள். பலகை மேசை என்றால் அதில் தட்டினாலே அதிர்வு போய்ச் சேரும். சீமெந்து நிலத்தில் காலால் உதைத்துப் பயனில்லை, அதிர்வு அவ்வளவாகக் கடத்தப்படாது. அறைக்குள் நுழையும்போது லைற்றை ஒரு தரம் அணைத்துப் போட்டால் திரும்பிப் பார்ப்பார். பேனையோ கடலையோ எறிந்து கூப்பிடுவதைச் சிலர் பகிடியாகச் செய்கிறார்கள். அது வேண்டாம்.

அடுத்தது நிற்கும் இடம். நாலிலிருந்து ஆறு அடி நல்ல தூரம். அதற்குக் கிட்ட வந்தால் உங்கள் கையசைவு அவருக்கு முழுதாகத் தெரியாது, தள்ளிப் போனால் உதடு தெரியாது. வெளிச்சம் உங்கள் முகத்தில் விழ வேண்டும். விறாந்தையில் கதிரை போட்டுக் கதைக்கும்போது வழக்கமாக விருந்தாளியை உள்பக்கம் இருத்தி, வீட்டுக்காரர் முற்றத்துப் பக்கம் இருப்பதுண்டு. அப்போது முற்றத்து வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னால் நின்று, உங்கள் முகம் கறுத்த நிழலாகிவிடும். இடத்தை மாற்றி இருங்கள். கரண்ட் போய்விட்டால் பேச்சும் நின்றுவிடும். போன் ரோச்சை அவர் கண்ணில் அடிக்காமல் உங்கள் முகத்திலும் கையிலும் பிடியுங்கள்.

உதடு பார்த்து எல்லாம் விளங்கிக்கொள்வார் என்று நம்புவதுதான் பெரிய பிழை. கண்ணாடி முன் நின்று சத்தமில்லாமல் "படம்" என்றும் "மடம்" என்றும் சொல்லிப் பாருங்கள். இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரித்தான் மூடித் திறக்கும். பணம், மணம், மனம் மூன்றையும் கண்ணால் பிரிக்க முடியாது. ககரமும் ஙகரமும் தொண்டைப் பக்கம் பிறப்பவை, வெளியே ஒன்றும் தெரியாது. ல, ள, ழ வேறுபாடு நாக்கில் இருக்கிறது, உதட்டில் இல்லை. ஆகவே பாதியைப் பார்த்தும் மீதியை ஊகித்தும்தான் அவர் பின்தொடர்கிறார். எதைப் பற்றிக் கதைக்கிறோம் என்பதை முதலே தெரியப்படுத்தினால் ஊகம் சரியாக விழும். "கலியாணம்" என்று எழுதிக் காட்டிவிட்டு அல்லது அழைப்பிதழைக் காட்டிவிட்டுத் திகதியைச் சொல்லுங்கள்.

கத்த வேண்டாம். கத்தும்போது உதடு அகன்று கோணி, இருந்த கொஞ்சத் தெளிவும் கெட்டுப்போகும். பார்க்கிறவருக்கு நீங்கள் கோபப்படுவதாகத்தான் தெரியும். செவிப்புலக் கருவி போட்டவருக்கும் இதே கதைதான். கருவி உங்கள் குரலை மட்டும் பொறுக்கி எடுப்பதில்லை. மேலே சுற்றும் ஃபேன், வெளியே போகிற லொறி எல்லாவற்றையும் சேர்த்தே பெருப்பிக்கும். ஃபேனைக் குறைத்துவிட்டு வழக்கமான குரலில், வழக்கமான வேகத்திலும் சற்றுக் குறைத்துக் கதையுங்கள். வெற்றிலையை முதலில் துப்பிவிடுங்கள்.

விளங்காமல் போகும் இடம் கட்டாயம் வரும். அதே வசனத்தை ஒரு தரம் திரும்பச் சொல்லலாம். இரண்டாம் தரமும் விளங்காவிட்டால் சொல்லை மாற்றுங்கள். "சந்தை" பிடிபடாவிட்டால் "மரக்கறி வாங்கிற இடம்". அதற்கும் மேல் போனால் எழுதுங்கள் அல்லது போனில் தட்டச்சிடுங்கள். நாலு ஐந்து தரம் ஒரே சொல்லையே சொல்லிக்கொண்டு நிற்பதில் இருவருக்கும் வெட்கம்தான் மிஞ்சும். தலையாட்டுவதை விளங்கியதற்கு அடையாளமாக எடுக்காதீர்கள். மரியாதைக்காகவும் களைப்பிலும் எவரும் தலையாட்டுவார்கள். போதாததற்கு, நம் பக்கத்துத் தலையாட்டலுக்கு ஓமென்றும் பொருள், பார்ப்போம் என்றும் பொருள். "விளங்கிச்சுதோ?" என்று கேட்காமல் "எத்தனை மணிக்கு வருவியள்?" என்று கேளுங்கள். பதில் தானே காட்டிக்கொடுக்கும். ஏழையும் எட்டையும் உதட்டில் பார்த்து எளிதாகப் பிழையாக விளங்கிக்கொள்ளலாம், எண்ணென்றால் விரலால் காட்டுங்கள். கடையில் விலையைக் கல்குலேற்றரில் அடித்துத் திருப்பிக் காட்டினால் போதும். மிச்சக் காசை எண்ணிக்கொண்டே குனிந்து கதைக்காதீர்கள்.

எழுதும்போது கவனிக்க ஒன்று உண்டு. சிறுவயதிலிருந்தே காது கேளாத பலருக்குச் சைகை மொழிதான் முதல் மொழி, எழுத்துத் தமிழ் பிறகு படித்த மொழி. "நாளைக்கு வராமல் விட்டிடாதேங்கோ" என்று எழுதினால் வரச் சொல்கிறீர்களா, வேண்டாமென்கிறீர்களா என்று குழப்பம். "நாளை 4 மணிக்கு வாருங்கள்" என்று எழுதுங்கள். பாடப்புத்தகத் தமிழ், சிறு வசனம், ஒரு வரிக்கு ஒரு செய்தி. இப்படி எழுதுவதால் அவரைக் குறைத்து மதிப்பதாகாது. நீங்கள் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ கடிதம் வாசிக்கும்போது எதிர்பார்க்கும் தெளிவுதான் இதுவும்.

கையைப் பயன்படுத்த வெட்கப்பட வேண்டாம். "வா", "போதும்", "சாப்பிட்டாச்சோ", "எங்கே" என்பதற்கெல்லாம் நம்மிடம் ஏற்கெனவே கையசைவு இருக்கிறது. முதற் சந்திப்புக்கு அதுவே காணும். விரல் நீட்டிக் காட்டுவது சைகை மொழியில் நான், நீங்கள், அவர் என்று சொல்வதற்கான இலக்கணம், அவமதிப்பில்லை. முகபாவமும் இலக்கணத்தில் சேர்ந்தது. பல சைகை மொழிகளில் புருவத்தை உயர்த்தினால் ஓம் அல்லது இல்லை என்று பதில் கேட்கும் கேள்வி, சுருக்கினால் யார், என்ன, ஏன். ஆகவே அவர் புருவம் சுருங்கியதைக் கோபமென்று நினைத்துப் பின்வாங்காதீர்கள்.

சைகை படிக்க விரும்பினால் யூரியூப்பில் தமிழ்நாட்டுக் காணொளிகளைப் பார்த்துப் பழகாதீர்கள். அங்கே புழங்குவது இந்தியச் சைகை மொழி, இலங்கையினது வேறு. கைதடியில் 1956இல் தொடங்கிய, காது கேளாத பிள்ளைகள் படிக்கும் நவீல்ட் பாடசாலையில் படித்தவர்கள் குடாநாடெங்கும் இருக்கிறார்கள். கண்டி வீதிப் பேருந்தில் அவர்கள் கதைப்பதைப் பார்த்திருப்பீர்கள். தெரிந்த ஒருவரிடம் ஏழே ஏழு சைகை கேளுங்கள்: பெயர், நன்றி, மெதுவாக, திரும்ப, விளங்கவில்லை, எழுதுங்கள், பிறகு சந்திப்போம். உங்களுக்கென்று ஒரு சைகைப் பெயரை நீங்களே வைத்துக்கொள்ள வேண்டாம், பழகியபின் அவர்கள் வைப்பார்கள். பெரும்பாலும் உங்கள் மூக்கோ மச்சமோ அதில் வரும். கோபிக்கக் கூடாது.

சொல்லிலும் கவனம் வேண்டும். "ஊமை", "செவிடன்" இரண்டையும் விடுங்கள். காது கேளாதவர் என்றால் போதும். உத்தியோகக் கடிதமென்றால் செவிப்புலன் வலுவற்றவர்.

மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இருந்தால் கண் அவரிடம்தான் போகும். இழுத்துப் பிடியுங்கள். காது கேளாதவரைப் பார்த்து "உங்களுக்கு எப்ப இருந்து நோ?" என்று கேட்க வேண்டும். "அவருக்கு எப்ப இருந்து எண்டு கேளுங்கோ" என்பது பக்கத்தில் இருப்பவரை இல்லாதவராக்குவது. காது கேட்கும் பிள்ளையை வைத்துக் காது கேளாத தாய்க்கு வைத்தியமோ வழக்கோ விளக்குவதும் சரியில்லை, பிள்ளை தாங்காத செய்தியும் வரும். அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு: இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்த ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தின் 21ஆம் உறுப்புரை, உத்தியோகத் தொடர்புகளில் சைகை மொழியை ஏற்று வசதி செய்யச் சொல்கிறது. கிளினிக்கில் இலக்கத்தை வாயால் கூப்பிடுகிறீர்களென்றால், காது கேளாதவர் துண்டைக் கொடுக்கும்போதே அதில் ஓர் அடையாளம் இட்டு, முன்வரிசையில் இருத்திவிடுங்கள். முறை வந்ததும் கையால் கூப்பிடலாம். முகக்கவசம் போட்டிருந்தால் எழுத்துத்தான் வழி.

எல்லாவற்றிலும் கூடக் காயப்படுத்துவது கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் நடக்கும். எல்லோரும் சிரிக்கிறார்கள், அவர் "என்ன?" என்று கேட்கிறார், நாம் "ஒண்டுமில்லை, பிறகு சொல்லுறன்" என்கிறோம். அந்தப் பிறகு வருவதே இல்லை. பகிடியை அரைகுறையாகவாவது அப்போதே சொல்லுங்கள். ஆட்கள் கூடக் கூட அவருக்குப் பின்தொடர்வது கடினமாகும். வட்டமாக இருங்கள், கதைக்க முதல் கையை உயர்த்துங்கள், யார் கதைக்கிறார் என்று அவருக்குச் சுட்டுங்கள். சாப்பாட்டுக்கு இருக்கும்போது அவருக்கு இலையையும் உங்கள் முகத்தையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது, கவளம் போகும்வரை பொறுங்கள். இருவர் சைகையில் கதைத்துக்கொண்டிருக்க நடுவால் போக வேண்டியிருந்தால், நின்று மன்னிப்புக் கேட்டு மறைக்காமல் சட்டென்று கடந்து போங்கள்.

புறப்படும்போது வாசலில் நின்று "போட்டு வாறன்" என்று குரல் கொடுத்துவிட்டுப் போகிற பழக்கம் இங்கே பலிக்காது. அவர் இருக்கும் இடத்துக்குப் போய், கண்ணில் பட்டு, எங்கே போகிறீர்கள் என்று காட்டிவிட்டுப் போங்கள். வட்ஸ்அப் வீடியோவில் எடுப்பதாகச் சொல்லியிருந்தால், போனைக் கையில் பிடிக்காமல் ஒரு செம்பில் சாய்த்து வையுங்கள், இரண்டு கையும் தேவைப்படும்.