சமன்பாட்டில் எந்த இலக்கத்தைத் தொடலாம்?

ஓ.எல். விஞ்ஞானக் கொப்பிகளில் இரசாயனச் சமன்பாடு பிழைத்தால், பெரும்பாலும் கோளாறு சமன்படுத்தலில் இருக்காது. அதற்கு முதல் எழுதிய சூத்திரத்தில் இருக்கும். ஆகவே தொடக்கம் வலுவளவு, அதாவது ஓர் அணுவோ அயனோ மற்றதோடு சேரும் திறனைக் காட்டும் எண். கல்சியத்துக்கு 2, ஐதரொட்சைட்டு அயனுக்கு 1. ஒரு கல்சியத்துக்கு இரண்டு ஐதரொட்சைட்டு தேவை. அதை அடைப்புக்குள் போட்டு, வெளியே காலடியில் 2 எழுத வேண்டும். அந்த 2 உள்ளே இருக்கும் ஒட்சிசன், ஐதரசன் இரண்டையும் பெருக்கும். அடைப்பை விட்டால் ஐதரசன் மட்டும் இரண்டாகும், ஒட்சிசன் ஒன்றாகவே நிற்கும். பிறகு மணிக்கணக்காக மினக்கெட்டாலும் கணக்கு ஒத்துவராது.

சூத்திரம் சரியென்று கண்டபின் காலடி இலக்கத்தில் கைவைக்கக் கூடாது. ஒட்சிசன் ஒன்று குறைகிறதே என்று நீரின் ஒட்சிசனுக்குக் கீழே 2 போட்டால் அது நீரல்ல, ஐதரசன் பரவொட்சைட்டு. மாற்றலாமென்றால் சூத்திரத்துக்கு முன்னால் வரும் இலக்கம் மட்டும்தான்.

சமையல் காஸில் இருக்கும் பியூற்றேனை எரித்துப் பார்ப்போம். ஒரு மூலக்கூறில் காபன் 4, ஐதரசன் 10. (இங்கே பெயரில் எழுதுகிறோம், கொப்பியில் குறியீட்டில் எழுதுங்கள்.)

பியூற்றேன் + ஒட்சிசன் → காபனீரொட்சைட்டு + நீர்

காபனை முதலில் பிடியுங்கள்: காபனீரொட்சைட்டுக்கு முன்னால் 4. அடுத்து ஐதரசன்: நீருக்கு முன்னால் 5. ஒட்சிசன் கடைசி. அது தனியாக நிற்பதால் அதன் இலக்கத்தை மாற்றினால் வேறெதுவும் குழம்பாது. வலப்பக்கம் ஒட்சிசன் அணு 8 + 5 = 13. ஒட்சிசன் மூலக்கூறில் அணு இரண்டு என்பதால் ஆறரை மூலக்கூறு வருகிறது. பயப்பட வேண்டாம், எல்லாவற்றையும் இரண்டால் பெருக்குங்கள்:

2 பியூற்றேன் + 13 ஒட்சிசன் → 8 காபனீரொட்சைட்டு + 10 நீர்

ஒட்சிசனில் தொடங்குகிறவர்கள்தான் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வருகிறார்கள். சல்பேற்று, பொசுபேற்று போன்ற அயன் தாக்கத்தின்போது உடையாமல் மறுபக்கம் போனால், அதைப் பிரித்து எண்ணாமல் ஒரு கட்டாகவே எண்ணுங்கள். பாதி வேலை மிச்சம்.

தாக்கங்களைச் சேர்க்கை, பிரிகை, ஒற்றை இடப்பெயர்ச்சி, இரட்டை இடப்பெயர்ச்சி என்று நான்காக வகைப்படுத்துவதற்கு யாழ்ப்பாணக் குடாநாட்டுச் சுண்ணக்கல்லை விட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை இதை நம்பித்தான் எழுந்தது. சூளையில் சுட்டால் கல்சியம் காபனேற்று, கல்சியம் ஒட்சைட்டாகவும் காபனீரொட்சைட்டாகவும் பிரியும்: ஒன்று இரண்டாவதால் பிரிகைத் தாக்கம். 100 கிராம் தூய கல்லுக்கு 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும், 44 கிராம் வாயுவாகப் போய்விடும். நிறை ஒத்துவருகிறதா என்று கூட்டிப் பார்ப்பதும் ஒரு சோதனைதான். அந்த 56 கிராம், 18 கிராம் நீருடன் சேர்ந்து 74 கிராம் நீறிய சுண்ணாம்பாகும் (கல்சியம் ஐதரொட்சைட்டு): இரண்டு ஒன்றாவதால் சேர்க்கைத் தாக்கம். கடும் வெப்பம் வெளிவரும். தெறித்தால் கண் போய்விடும். பிள்ளைகளைத் தனியே செய்ய விடாதீர்கள்.

சுவரில் பூசிய சுண்ணாம்பு காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை எடுத்து மறுபடி கல்சியம் காபனேற்றாகிறது, கூடவே நீரும் வருகிறது. இதை எந்தப் பெட்டிக்குள் போடுவது? சேர்க்கை என்றால் விளைவு இரண்டு. இடப்பெயர்ச்சி என்றால் மாறிக்கொள்ள அயன் சோடி இல்லை. காரமும் அமில ஒட்சைட்டும் நடுநிலையாவது என்பதே சரியான பதில். எல்லாத் தாக்கமும் நான்கு பெட்டிக்குள் அடங்கும் என்று மனப்பாடம் செய்தவர் இங்கேதான் தடுமாறுவார்.

ஒற்றை இடப்பெயர்ச்சியை அடையாளம் காண, இருபக்கமும் தனி மூலகம் ஒன்று நிற்கிறதா என்று பாருங்கள். இரும்பாணியைச் செப்பு சல்பேற்றுக் கரைசலில் வைத்தால் செந்நிறப் படிவு வரும். எதிர்த்திசையில் நடக்காது. செப்பை ஐதான ஐதரோகுளோரிக் அமிலத்தில் போட்டு ஐதரசன் வருமென்று எழுதினாலும் சமன்பாடு அழகாகச் சமன்படும். ஆனால் அப்படியொரு தாக்கமே இல்லை. இரும்பு இந்த அமிலத்துடன் தாக்கமுற்றாலும் அதன் வலுவளவு 2தான்; 3 அல்ல.

கிணற்றுத் தண்ணீர் கொதித்துக் கொதித்துக் கேத்திலின் அடியில் படியும் வெள்ளைப் படையும் பெரும்பாலும் கல்சியம் காபனேற்றுத்தான். வினாகிரி ஊற்றினால் நுரைக்கும்:

கல்சியம் காபனேற்று + 2 அசற்றிக் அமிலம் → கல்சியம் அசற்றேற்று + நீர் + காபனீரொட்சைட்டு

முதலில் அயன்கள் மாறிக்கொள்ளும் இரட்டை இடப்பெயர்ச்சி. அதில் பிறந்த காபோனிக் அமிலம் உடனே பிரிவதால் நுரை. அமிலத்துக்கு முன்னால் அந்த 2 ஏன் வந்தது என்று கேட்டால், கல்சியத்தின் வலுவளவு 2, அசற்றேற்றின் வலுவளவு 1.