குமிழி கரையும் வரை: விழித்திரை அறுவை சிகிச்சைக்குப் பின் செய்யக்கூடாதவை

சென்ற மாதம் கோயம்புத்தூரில் மறுபரிசோதனைக்காகக் காத்திருந்தபோது, வலது கண்ணில் பிளாஸ்டிக் மூடியோடு அருகில் அமர்ந்திருந்த இளைஞர் ஒருவர், “சார், சாயங்காலம் கோத்தகிரிக்கு எத்தனை மணிக்கு பஸ்?” என்று கேட்டார். அறுவை சிகிச்சை முடிந்து ஐந்து நாட்களே ஆகியிருந்தன. கண்ணுக்குள் வாயு வைத்திருக்கிறார்களா என்று நான் திருப்பிக் கேட்டதற்கு, “ஏதோ வச்சிருக்காங்களாம்” என்றார். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு நானும் இதே பதிலைத்தான் சொல்லியிருப்பேன்.

கண்ணைக் கசக்காதீர்கள், நந்தியாவட்டைச் சாறு விடாதீர்கள், தலைக்கு ஊற்றும்போது கண்ணில் தண்ணீர் படவிடாதீர்கள் என்பனவற்றை எல்லாரும் சொல்லிவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

உள்ளே இருப்பது வாயுவா, எண்ணெயா என்று கேட்காமல் வீடு திரும்புவது

கண்ணின் பின்சுவரிலிருந்து விலகிய விழித்திரையை மீண்டும் ஒட்டுவதற்காகக் கண்ணுக்குள் இருக்கும் கூழை அகற்றிவிட்டு, அந்த இடத்தில் வாயுவையோ சிலிக்கான் எண்ணெயையோ நிரப்புவார்கள். எஸ்.எஃப்.6 என்னும் வாயு இரண்டு மூன்று வாரங்களிலும், சி3எஃப்8 என்னும் வாயு ஆறு முதல் எட்டு வாரங்களிலும் தானாகவே கரைந்துவிடும். எண்ணெய் கரையாது, சில மாதங்கள் கழித்து இன்னொரு அறுவை சிகிச்சை செய்துதான் எடுக்க வேண்டும். அடுத்து நான் சொல்லப் போகும் ஆபத்து வாயுவுக்கு மட்டுமே உரியது என்பதால், எது வைத்திருக்கிறார்கள் என்பதைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

“விமானத்தில்தானே போகக்கூடாது?”

நான் குன்னூர்வாசி. அறுவை சிகிச்சைக்குப் பின் கோயம்புத்தூரில் அக்கா வீட்டில் எட்டு நாட்கள் கிடந்தேன். மருத்துவமனைத் தாளில் விமானப் பயணம் கூடாது என்று தெளிவாகவே எழுதியிருந்தது. வாழ்நாளில் விமானத்தில் ஏறியிராத எனக்கு அந்த வரியைப் படித்தபோது சிரிப்புத்தான் வந்தது. மலையில் வசிப்பவன் என்று நான் சொல்லவில்லை. வீடு எங்கே என்று அவர்களும் கேட்கவில்லை. ஒன்பதாம் நாள் மேட்டுப்பாளையத்தில் பேருந்து ஏறினேன்.

விமானம் எவ்வளவு உயரத்தில் பறந்தாலும், பயணிகள் அமர்ந்திருக்கும் அறையின் காற்றழுத்தம் சுமார் 1,800 முதல் 2,400 மீட்டர் வரை உயரமுள்ள மலையில் இருக்கும் அழுத்தத்திற்குச் சமமாகவே வைக்கப்படுகிறது. குன்னூரின் உயரம் ஏறத்தாழ 1,850 மீட்டர். உதகையின் உயரம் 2,240 மீட்டர். ஆக, அந்தத் தாள் எதைத் தடுத்ததோ அதைத்தான் பேருந்துச் சீட்டு வாங்கிச் செய்துகொண்டிருந்தேன். வெளிக்காற்றின் அழுத்தம் குறையக் குறைய வாயு விரிய முயலும். சுமார் 400 மீட்டர் உயரத்திலுள்ள கோயம்புத்தூரிலிருந்து குன்னூர் வருவதற்குள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் இடம் கேட்கும். கண்ணின் சுவர் பலூனைப்போல் விரிந்து கொடுக்காததால், உள்ளழுத்தம் எகிறி, விழித்திரைக்கும் கண் நரம்புக்கும் இரத்தம் செல்வது தடைப்படுகிறது.

பர்லியாறு தாண்டியபோது கண்ணுக்குப் பின்னால் ஏதோ அழுத்துவதுபோல் இருந்தது. வீடு சேர்ந்தபோது தாங்க முடியாத வலியும் வாந்தியும் வந்தன. அங்கேயே வண்டியைத் திருப்பியிருக்க வேண்டும். தலைவலி என்று நினைத்து மாத்திரை போட்டுக்கொண்டு விடியும் வரை பொறுத்தேன் என்பதை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை. காலையில் அந்தக் கண்ணில் விளக்கின் வெளிச்சம்கூடத் தெரியவில்லை. கல்லாறு வரை இறங்கியதும் வலி பாதியாகக் குறைந்தது. போன பார்வையில் ஒரு பகுதி வரவே இல்லை. ஒட்டிய விழித்திரை ஒட்டியபடிதான் இருந்தது, கண் நரம்புதான் வெளிறிப்போனது. அறுவை சிகிச்சை வெற்றி பெற்ற கண்ணை நானே கெடுத்துக்கொண்டேன்.

இதைச் சொன்னால் உடனே மறுப்பும் வரும். காது அடைத்தால் எச்சில் விழுங்கியதும் சரியாகிவிடுகிறதே என்பார்கள். காதிலிருந்து தொண்டைக்கு ஒரு குழாய் இருக்கிறது. கண்ணுக்கு அப்படி எதுவும் இல்லை. மெதுவாக ஏறினால் போதாதா என்பார்கள். மெதுவாக ஏறும்போது கண்ணுக்குள் இருக்கும் நீர் வடிந்து ஓரளவு ஈடுகட்டும் என்பது உண்மையே. ஆனால் மிச்சமிருக்கும் வாயுக் குமிழியின் அளவைப் பார்த்து அதை முடிவு செய்ய வேண்டியவர் கண் மருத்துவர்தான், ஓட்டுநர் அல்லர். கொடைக்கானல், ஏற்காடு, வால்பாறைக்காரர்களுக்கும் இது பொருந்தும். பார்வை திரும்பினால் திருமலைக்கு வருவதாக வேண்டிக்கொண்டவர்களும் குமிழி கரையும் வரை பொறுக்கலாம். அவசரமென்றால் நாட்டரசன்கோட்டைக் கண்ணாத்தாள் சமவெளியில்தான் இருக்கிறாள்.

உடம்பைக் குப்புறப் போட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வது

கொத்தனாரின் ரசமட்டத்தில் இருக்கும் குமிழியைப் போலவே கண்ணுக்குள் இருக்கும் வாயுவும் எப்போதும் மேலே போகும். விழித்திரையில் கிழிசல் இருக்கும் இடத்தில் அது போய் அழுந்தும்படி தலையை வைத்திருக்கச் சொல்கிறார்கள். கிழிசலைச் சுற்றி லேசர் போட்ட தழும்பு உறுதிப்பட ஏறத்தாழ இரண்டு வாரங்கள் ஆகும். எல்லாருக்கும் குப்புறப் படுக்கை இல்லை. சிலருக்கு ஒருக்களித்தும் சிலருக்குத் தலையை உயர்த்தியும் படுக்கச் சொல்வார்கள். குப்புறப் படுக்கச் சொல்லப்பட்டவர்களில் பலர் வயிற்றின்மேல் படுத்துக்கொண்டு, கன்னத்தைத் தலையணையில் சாய்த்துத் தொலைக்காட்சி பார்க்கிறார்கள். கீழ்நோக்கி இருக்க வேண்டியது முகமே தவிர, வயிறு அன்று. நாற்காலியில் அமர்ந்து மேசைமேல் நெற்றியைக் கவிழ்த்து வைத்திருப்பதும் கணக்கில் சேரும்.

மல்லாந்து படுப்பது

வாயு இருக்கும் வரை கூடவே கூடாது.

கைப்பட்டையைக் கழற்றிவிடுவது

கண்ணுக்குள் வாயு இருப்பதைக் குறித்து மருத்துவமனையில் மணிக்கட்டில் கட்டிவிடும் பட்டை உங்களுக்காகக் கட்டப்பட்டதன்று. நீங்கள் நினைவிழந்து கிடந்தால் பார்க்கப் போகும் மருத்துவருக்காகக் கட்டப்பட்டது. மயக்கத்திற்குத் தரும் நைட்ரஸ் ஆக்சைடு குமிழிக்குள் புகுந்து அதை ஊதிப் பெரிதாக்கிவிடும். பல் பிடுங்கப் போனாலும் முதலில் இதைச் சொல்லுங்கள்.

பழைய சீட்டைக் காட்டிச் சொட்டு மருந்து வாங்குவது

ஸ்டீராய்டு சொட்டு மருந்து சிலருக்குக் கண்ணழுத்தத்தைக் கூட்டும். சொன்ன தேதியோடு நிறுத்துங்கள்.

அவசரப்பட்டுப் புதுக் கண்ணாடி போடுவது

பணம் வீண்.

எல்லா நிழலையும் குமிழி என்று எண்ணுவது

குமிழியின் விளிம்பு பார்வையின் குறுக்கே நீர்மட்டம்போல் தெரியும். தலையை அசைத்தால் தளும்பும். நாளாக ஆக மேற்பக்கம் தெளிந்து கோடு கீழே இறங்கும். ஆனால், தலையை அசைத்தும் தளும்பாமல் ஓரத்திலிருந்து திரைபோல் வளரும் நிழலும், புதிதாகத் தோன்றும் மின்னல்களும், திடீரென்று கூடும் கரும்புள்ளிகளும் விழித்திரை மறுபடி விலகுவதற்கு அடையாளங்கள். முதல் அறுவை சிகிச்சை பத்தில் ஒருவருக்கோ இருவருக்கோ பலிக்காமல் போவதுண்டு என்பதால், அடுத்த பரிசோதனைத் தேதி வரை காத்திருக்காமல் அன்றே போய்விட வேண்டும். மற்றக் கண்ணில் இவை தோன்றினாலும் அப்படியே.

என் குமிழி கடைசியில் கடுகளவாகச் சுருங்கி, ஏழாம் வாரத்தில் ஒரு காலை காணாமல் போயிருந்தது. அக்கா அன்றே பெட்டியைக் கட்டிவிட்டார். மருத்துவர் உள்ளே பார்த்து, மலை ஏறலாம் என்று கைப்பட எழுதித் தந்த பிறகுதான், மறுநாள் மேட்டுப்பாளையத்தில் பேருந்து ஏறினேன்.