பற்றரி வேலி மெஷினும் சின்னச் செயின் வாளும்: கொழும்பு வளவுக்கேற்ற பாவனையும் பராமரிப்பும்

பெற்றோல் மெஷினை நிறுத்தினால் அது திரும்ப ஓட யாராவது கயிறு இழுக்க வேண்டும். பற்றரி மெஷின் அப்படியில்லை. மதிலில் சாய்த்து வைத்திருக்கும்போதும் சத்தமே இல்லாமல் ஓடத் தயாராக இருக்கும். விசை அமர்ந்த அடுத்த கணம் பல் ஓடும். அதனால் மற்ற எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது: வெட்டும் பகுதிக்குக் கிட்டக் கை போவதற்கு முன் பற்றரி வெளியே வந்திருக்க வேண்டும். சிக்கிய கொப்பை எடுக்க, எண்ணெய் விட, புல் வெட்டும் மெஷினில் நூல் மாற்ற, ஏணியில் ஏற்றி இறக்க, எல்லாவற்றுக்கும் இதுதான் முறை. சேப்டி பட்டன் இருக்கிறதே என்று விட்டுவிட வேண்டாம். சிக்கிய கொப்பை ஒரு கையால் இழுக்கும்போது மற்றக் கை தன்னையறியாமல் பிடியை இறுக்கும், பட்டனும் விசையும் சேர்ந்தே அமரும். கழற்றிய பற்றரியைச் சாவிக்கொத்தோ ஆணியோ உள்ள பொக்கெட்டில் போடவும் கூடாது.

வாங்கும்போது

18 வோல்ட் பற்றரிக்குள் 3.6 வோல்ட் செல் ஐந்து வரிசையாக இருக்கும். முழுச் சார்ஜில் செல் ஒன்று 4.2 வோல்ட், ஆக மொத்தம் 21. ‘20 வோல்ட்’, ‘21 வோல்ட்’ என்று ஒட்டி வருபவையும் பெரும்பாலும் இதே ஐந்து செல்தான். அந்த அளவுள்ள பெட்டியில் 48, 88 என்று பெரிய எண் போட்டிருந்தால் அதை நம்பிக் காசு கொடுக்காதீர்கள். வோல்ட்டை ஆம்பியர்-அவரால் பெருக்கிப் பாருங்கள்: 18 வோல்ட், 4 ஆம்பியர்-அவர் என்றால் 72 வாட்-அவர். எவ்வளவு நேரம் வெட்டலாம் என்பதை அதுவே சொல்லும்.

யப்பானிலிருந்து வரும் பாவித்த மெஷின்கள் தரமானவை, ஆனால் சார்ஜரைத் திருப்பிப் பார்க்காமல் பிளக் போடாதீர்கள். யப்பான் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், நம்முடையது 230. லேபிளில் இன்புட் 100 வோல்ட் என்று மட்டும் இருந்தால் சார்ஜர் முதல் தடவையே எரியும். 100–240 என்று இருந்தால் பிரச்சினை இல்லை.

வேலி வெட்டுதல்

செவ்வரத்தை, போகன்விலா வேலியானால் முதலில் ஒரு தடியால் உள்ளே தட்டிப் பாருங்கள். குளவிக் கூடு இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். பழைய வேலிகளின் நடுவே மறைந்து கிடக்கும் முட்கம்பிதான் பல்லை உடைப்பது. ஒரு பல் மழுங்கினாலும் அந்த இடத்தில் இலை வெட்டுப்படாமல் கிழியும், நுனி இரண்டு நாளில் பழுப்பாகும். தட்டும்போது விழும் சிரட்டை, யோகட் கப்பையும் பொறுக்கி எடுத்துவிடுங்கள், மழைக்கு அவைதான் நுளம்பின் தொட்டில்.

பக்கங்களைக் கீழிருந்து மேலாக, இரண்டு கையாலும் பிடித்து, வளைவாக வீசி வெட்ட வேண்டும். அடி அகலமாகவும் மேல் சற்று ஒடுங்கியும் இருந்தால் கீழ் இலைக்கும் வெயில் படும். பல்லிடை 15 மி.மீ. உள்ள மெஷினுக்குப் பெருவிரல் தடிப்புக் கொப்பைக் கொடுத்தால் சிக்கும், மோட்டர் சூடாகும். அதைக் கைவாளால் அறுங்கள். அலரியின் பால் நஞ்சு, மாம்பால் தோலைப் பொங்க வைக்கும். கண்ணாடி, கையுறை, மூடிய சப்பாத்து போட்டுக்கொள்ளுங்கள். பாட்டாச் செருப்போடு இந்த வேலை வேண்டாம்.

செயின் வாள்

நாலு, ஆறு அங்குலச் செயின் வாள் பார்க்க விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும். ஒரு கையால் பிடிக்கலாம் என்பதால் மற்றக் கை தானாகக் கொப்பைப் பிடிக்கப் போகும். விரல் போவது அப்படித்தான். மற்றக் கை வெட்டும் கோட்டுக்கு எட்டாத தூரத்தில் இருக்கட்டும். செயின் சுற்றி ஓடும் தகட்டின் நுனியின் மேற்பகுதி மரத்தில் முட்டினால் வாள் முகத்தை நோக்கி உதைக்கும். நுனியால் குத்தாமல், அடிப்பக்கத்தின் நடுவால் வெட்டுங்கள்.

தடித்த மாங்கொப்பை ஒரே வெட்டாக மேலிருந்து அறுத்தால் பாதியில் முறிந்து பட்டையை அடிவரை உரித்துக்கொண்டு போகும். முதலில் கீழிருந்து மூன்றிலொரு பங்கு வெட்டி, பிறகு சற்று வெளியே தள்ளி மேலிருந்து வெட்டி விழுத்துங்கள். மிஞ்சிய கட்டையைக் கடைசியாக, அடியிலுள்ள வீங்கிய வளையத்தை விட்டு அறுங்கள். அந்த வளையம்தான் காயத்தை மூடும். பலா, ஈரப்பலாவை மரமாகத் தறிப்பதற்குப் பிரதேச செயலகத்தின் அனுமதி வேண்டும். ரோட்டுக் கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் வயர் கொப்புக்குள் போனால் அந்தக் கொப்பைத் தொட வேண்டாம். அலுமினிய ஏணியும் நீளக்கம்பு வாளும் கரண்டைக் கடத்தும்.

செயின் இறுக்கம்: பற்றரியைக் கழற்றி, தகட்டின் நடுவில் செயினைக் கையுறையோடு மேலே இழுங்கள். இரண்டு மூன்று மி.மீ. எழும்பி, விட்டதும் திரும்பி ஒட்ட வேண்டும், கையால் இழுத்தால் தடையில்லாமல் ஓடவும் வேண்டும். புதுச் செயின் ஆரம்பத்திலேயே நீளும், ஐந்து நிமிடம் வெட்டியதும் திரும்பப் பாருங்கள். சூட்டில் இறுக்கிய செயினை வேலை முடிந்ததும் தளர்த்துங்கள், ஆறும்போது அது சுருங்கித் தகட்டைக் கவ்வும். சின்ன வாள்கள் பலவற்றில் எண்ணெய்ப் பம்ப் கிடையாது, அதனால் அடிக்கடி கையால் விட வேண்டும். செயின் எண்ணெய் இல்லாவிட்டால் எஸ்.ஏ.ஈ. 30 புது என்ஜின் ஒயில் போதும். பழைய ஒயிலில் இரும்புத் துகள் இருக்கும், அது தகட்டைத் தின்னும். வெட்டும்போது சீவல் வராமல் மாப்போல் தூள் வந்தால் செயின் மழுங்கிவிட்டது. பெரும்பாலான சின்னச் செயினுக்கு 4 மி.மீ. உருண்டை அரம் பொருந்தும். 30 பாகைச் சாய்வில், எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில் அராவுங்கள். கூடக்குறைய அராவினால் வாள் ஒரு பக்கம் இழுக்கும்.

புல் வெட்டும் மெஷின்

புல் வெட்டும் மெஷினில், சுழலும் நூலுக்குப் பின்னாலுள்ள மறைப்புத் தட்டைக் கழற்றக் கூடாது. நூலை அளவாக வெட்டுவது அதிலுள்ள கத்திதான். நூல் நீண்டால் மோட்டரும் பற்றரியும் சூடேறும். நூலுக்குப் பதில் கம்பி கட்டினால் உடைந்த துண்டு சன்னம் போல் பறக்கும். 15 மீற்றருக்குள் யாரும் நிற்கக் கூடாது. சின்ன வளவுகளில் அது முடியாதென்றால் பிள்ளைகளை உள்ளே விட்டுக் கதவைச் சாத்துங்கள், காரையும் நகர்த்துங்கள்.

சார்ஜும் சேமிப்பும்

வேலை முடிந்த கையோடு சூட்டுப் பற்றரியைச் சார்ஜில் போடாதீர்கள். அரை மணி நேரம் ஆறட்டும். 40 பாகைக்கு மேல் சார்ஜ் ஏற்றினால் ஆயுள் குறையும், பூட்டிய காருக்குள் வெயிலில் அந்தச் சூடு சர்வசாதாரணம். சீமெந்துத் தரையில், கண்பார்வையில், வெளியேறும் வாசலை மறிக்காமல் வைத்து ஏற்றுங்கள். சித்திரை, ஐப்பசிப் பின்னேர இடிமழையில் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். மாதக்கணக்கில் வைப்பதானால் பாதிச் சார்ஜில், மெஷினிலிருந்து கழற்றி வையுங்கள்.

வெள்ளவத்தை, தெகிவளைக் கடற்கரைப் பக்கம் உப்புக்காற்றில் பற்றரி முனைகளில் பச்சை படியும். உலர்ந்த துணியால் துடையுங்கள், போகாவிட்டால் ஐசோபுரொப்பைல் அல்ககோல் போதும். உப்புத்தாள் தேய்த்தால் மேற்பூச்சுப் போய் இன்னும் வேகமாகக் கறள் பிடிக்கும். பற்களில் பலாப்பால் ஒட்டியிருந்தால் தேங்காய் எண்ணெயால் இளக்கி, மண்ணெண்ணெயால் துடைத்து, பிறகு தையல் மெஷின் எண்ணெய் பூசுங்கள். தேங்காய் எண்ணெயை அப்படியே விட்டால் தூசியைப் பிடித்துப் பிசினாகும். மண்ணெண்ணெய் பிளாஸ்டிக்கில் பட வேண்டாம், மெஷினைக் குழாய்த் தண்ணியில் கழுவவும் வேண்டாம்.

பற்றரி ஊதினாலோ, இனிப்பாய் மணத்தாலோ, விழுந்து கூடு பிளந்தாலோ அதோடு பாவிப்பதை நிறுத்துங்கள். புகை வந்தால் மூச்சில் எடுக்காமல் ஆட்களை வெளியேற்றி, தீயணைப்புக்கு 110ஐ எடுங்கள். ஆளுக்குக் காயம் என்றால் அம்புலன்சுக்கு 1990. செத்த பற்றரியின் முனைகளில் டேப் ஒட்டி, மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதி பெற்ற இலத்திரனியல் கழிவு சேகரிப்போரிடம் கொடுங்கள். குப்பை லொறியில் நசுங்கினால் அங்கேயே தீப்பிடிக்கும்.