மலையில் இருந்து ரூன்ஸ்கேப்: முதல் பத்து மணி நேரம்

ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்ற ஆன்லைன் கேமைத் திறந்ததும் கண்ணில் படுவது களிமண் பொம்மை மாதிரியான ஆட்களும் சப்பையான மரங்களும்தான். 2007 ஆகஸ்டில் இருந்த வடிவத்தை ஜாகெக்ஸ் நிறுவனம் 2013 பிப்ரவரியில் தூசி தட்டி மறுபடி வெளியிட்டது. அழகுக்காக வருபவர் பத்தே நிமிடத்தில் மூடிவிடுவார். ஆனால் குன்னூர், கோத்தகிரிப் பக்கத்து இணையத்தை வைத்துக்கொண்டு விளையாடுபவருக்கு இவ்வளவு ஒத்துப்போகும் கேம் குறைவு. காரணம் அதன் நிதானம்.

சர்வர் 0.6 நொடிக்கு ஒருமுறைதான் கணக்கை நகர்த்தும். அதற்கு டிக் என்று பெயர். நடை, வெட்டு, சாப்பாடு எல்லாமே டிக் கணக்கு. கல்லாறு தாண்டியதும் ஊட்டி ரயில் பல் பல்லாகப் பிடித்து ஏறுமே, அந்த நடைதான். பிங், அதாவது அனுப்பிய சேதிக்குப் பதில் வரும் நேரம், 300 மில்லிசெகண்ட் ஆனாலும் அரை டிக்தான் போச்சு. துப்பாக்கி கேம்களில் அதே 300 இருந்தால் எதிராளியைப் பார்ப்பதற்குள் நீங்கள் காலி. ஆனால் பிங் ஏறி இறங்கினாலோ, பாக்கெட் (சேதித் துண்டு) வழியில் தொலைந்தாலோ இங்கும் அடிதான்.

அதனால் கேமுக்கு முன்னால் லைனைச் சோதியுங்கள். ராத்திரி எட்டு, ஒன்பது மணிக்கு, எல்லோரும் படம் பார்க்கும் நேரத்தில், ரூட்டருக்கு 100 பிங் (சோதனைச் சேதி) அனுப்புங்கள். பிறகு வெளியே ஏதாவது ஒரு சர்வருக்கு 100. ரூட்டரே பதில் சொல்லத் திணறினால் கோளாறு வீட்டுக்குள்தான். பழைய கருங்கல் சுவர்கள் வைஃபையை விழுங்கிவிடும். ஒரு லேன் கேபிள் போட்டால் தீர்ந்தது. ரூட்டர் சரியாக இருந்து வெளியே மட்டும் தொலைந்தால் அது லைன் கோளாறு. நூற்றில் ஒன்றிரண்டு போனால் சமாளிக்கலாம். ஐந்தாறு போகிற அன்றைக்கு மரம் வெட்டுங்கள், மீன் பிடியுங்கள், சண்டைக்குப் போகாதீர்கள். கேமைத் திறக்க ரூன்லைட் என்ற செயலியை வைத்திருந்தால், உலகப் பட்டியலிலேயே (கேமின் ஒவ்வொரு சர்வருக்கும் உலகம் என்று பெயர்) ஒவ்வொன்றின் பிங்கும் தெரியும். பிரிட்டன், ஜெர்மனி, ஆஸ்திரேலியா என்று மாற்றிப் பார்த்து, எது குறைவாக நிற்கிறதோ அதில் நுழையுங்கள்.

அடுத்தது கரண்ட். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் மரம் விழுந்து லைன் அறுவது சகஜம். லேப்டாப்பில் பேட்டரி இருந்து என்ன, ரூட்டர் அணைந்தால் எல்லாம் முடிந்தது. ரூட்டருக்கென்றே மினி யுபிஎஸ் கிடைக்கிறது. வாங்கும் முன் அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று படியுங்கள். பெரும்பாலும் 12 வோல்ட். ஃபைபர் பெட்டி தனியாக இருந்தால் அதற்கும் மின்சாரம் வேண்டும், இதைத்தான் பலர் மறப்பார்கள். சண்டை நடுவில் இணைப்பு அறுந்தால் உங்கள் ஆள் உடனே மறைய மாட்டான். ஒரு நிமிடம் வரை அங்கேயே நின்று அடி வாங்குவான். செத்தால் மதிப்பு கூடிய மூன்று பொருட்கள் கையில் இருக்கும், மற்றவை கல்லறையில் 15 நிமிடம் காத்திருக்கும். லாக்அவுட் ஆகி இருக்கும்போது அந்தக் கடிகாரம் ஓடாது என்பது கரண்ட் போகிற ஊருக்குக் கிடைத்த சலுகை. கேம் வரைபடத்தில் வடக்கே உள்ள வைல்டர்னஸ் பகுதியில் மட்டும் இந்தக் கல்லறையை நம்பாதீர்கள். அங்கே மற்ற ஆட்டக்காரர்களே உங்களைக் கொன்று எடுத்துக்கொள்வார்கள்.

கேம் தொடங்கும் பயிற்சித் தீவில் அவசரப்படாமல் எல்லாரிடமும் பேசுங்கள்; முடித்துவிட்டால் திரும்பி வர முடியாது. அங்கிருந்து லம்பிரிட்ஜ் ஊரில் இறக்கிவிடுவார்கள். பையில் 28 கட்டம். அதில் ஒரு வாளியும் ஒரு பானையும் இருக்கும். விற்றுவிடாதீர்கள், முதல் வேலைக்கே வேண்டும்.

கோட்டைச் சமையல்காரர் முட்டை, பால், மாவு மூன்றும் கேட்பார். முட்டை கோழிப் பண்ணையில் தரையில் கிடக்கும். பாலுக்குக் கறவை மாடு என்று தனியாக இருக்கிறது. சாதாரண மாட்டைத் தட்டினால் சண்டைதான் தொடங்கும். மாவில்தான் புதியவர்கள் மாட்டுவார்கள். வயலில் கோதுமை பறித்து, காற்றாலையின் உச்சித் தளத்துக்கு ஏறி, ஹாப்பரில் (தானியம் போடும் புனல்) கொட்டி, கீழே ஓடிவந்தால் தொட்டி காலி. மேலே ஹாப்பர் பக்கத்திலேயே ஒரு லிவர் இருக்கும், அதை இழுத்தால்தான் அரையும். நம்மூர் மாவு மில்லில் தானியத்தைக் கொட்டிவிட்டு ஸ்விட்சைப் போடாமல் நின்ற கதை. இழுத்துவிட்டு இறங்கி, காலிப் பானையால் அள்ளுங்கள்.

இப்படிக் கதையோடு வரும் வேலைக்குக் குவெஸ்ட் என்று பெயர். இதில் கிடைப்பது ஒரு குவெஸ்ட் பாயிண்ட். 10 சேர்ப்பதுதான் முதல் இலக்கு. ஏனென்றால் 10 பாயிண்ட், எல்லாத் திறமைகளையும் கூட்டிய மொத்த லெவல் 100, விளையாடிய நேரம் 20 மணி ஆகும்வரை புதுக் கணக்குகள் பல மூலப்பொருட்களைக் கேமின் சந்தையில் விற்க முடியாது. ரோமியோ ஜூலியட் வேலைக்கு 5, கோப்ளின் (குட்டிப் பூதங்கள்) சமாதான வேலைக்கு 5. இரண்டாவதற்கு மூன்று கோப்ளின் கவசம் வேண்டும். ஒன்றுக்கு ஆரஞ்சு, ஒன்றுக்கு நீலம். மூன்றாவதற்குச் சாயமே வேண்டாம், இயல்பான பழுப்பு நிறம்தான் கடைசியில் அவர்களுக்குப் பிடிக்கும். சாயம் செய்து தருபவர் டிரெய்னர் ஊரில் இருக்கும் ‘ஆகி’ (Aggie) என்ற சூனியக்காரி. அவரிடம் சிவப்புக்கு மூன்று ரெட்பெர்ரி, மஞ்சளுக்கு இரண்டு வெங்காயம், நீலத்துக்கு இரண்டு வோட் (woad) செடி இலை கொடுக்க வேண்டும். சாயம் ஒன்றுக்கு 5 காசு கூலி. சிவப்பையும் மஞ்சளையும் கலந்தால் ஆரஞ்சு.

வாரக் (Varrock) நகரத்துக்குப் போகும் வழியில், ஊருக்குத் தெற்கே கல் வட்டத்தில் கறுப்பு மந்திரவாதிகள் நிற்பார்கள். லெவல் குறைந்தவரைக் கண்டால் தாங்களாகவே அடிப்பார்கள். ஓட்ட சக்தியை மிச்சம் வைத்திருந்து, நிற்காமல் தாண்டுங்கள். ஊருக்குள் “காசை டபுள் பண்ணித் தரேன்” என்று கத்துபவர்கள் சீட்டுக்காரர்களின் மறுபிறவி. முதலில் சின்னத் தொகையைத் திருப்பித் தந்து பெரிய தொகையைச் சுருட்டுவார்கள். கேமுக்குள் இருக்கும் வங்கிக்கு நாலு இலக்க பின் வைப்பதை முதல் நாளே முடித்துவிடுங்கள்.

மெம்பர்ஷிப் என்ற சந்தாவைக் கட்டுவதற்கு முன் ஒரு மணி நேரம் மரம் மட்டும் வெட்டிப் பாருங்கள். ஒரு திறமையின் உச்சமான லெவல் 99க்கு 1,30,34,431 அனுபவப் புள்ளி வேண்டும். லெவல் 92ல் இருக்கும்போது பாதிதான் தாண்டியிருப்பீர்கள். எண் ஏறுவதைப் பார்க்கப் பிடித்தால் கட்டுங்கள், எரிச்சல் வந்தால் மூடிவிடுங்கள். அதுவும் முதலில் ஒரு மாதத்துக்கு மட்டும். வருடக் கணக்கில் கட்டுவதை, ஐப்பசி மழையில் உங்கள் லைன் எப்படி நிற்கிறது என்று பார்த்துவிட்டு வைத்துக்கொள்ளலாம்.