பாரிஸில் முதலில் ஸ்டேஷன், அப்புறம் ரூம்

பெங்களூர் அல்சூரில் எங்கள் தெருவிலிருந்து யார் பாரிஸ் கிளம்பினாலும், விமான டிக்கெட் எடுத்த கையோடு என்னிடம் வந்துவிடுவார்கள். "அக்கா, ரூம் மட்டும் பார்த்துக் கொடுங்க." நான் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறவள். அம்மாவை பாரிஸ் அழைத்துப் போக நான் போட்ட கணக்கு நோட்டு தெருவில் கை மாறி மாறி அட்டை கிழிந்துபோயிருக்கிறது. அதில் உள்ளதைத்தான் இங்கே எழுதுகிறேன். பிள்ளைகளைப் படிக்க வைத்தே காலம் கழித்த அப்பா அம்மாக்கள், முழங்கால் ஒத்துழைக்கும்போதே அந்த ஊரைப் பார்த்துவிட வேண்டும் என்பது என் ஆசை. ரூம் வாடகையைப் பார்த்து பயந்து அந்தப் பயணம் தள்ளிப்போகக் கூடாது.

பாரிஸ் 20 வட்டாரங்களாகப் பிரிந்திருக்கிறது. நடுவில் லூவ்ர் அருங்காட்சியகத்தில் 1 தொடங்கி, நத்தைக் கூடு போலச் சுற்றிக்கொண்டே வெளியே போய் 20-இல் முடியும். ஹோட்டல் முகவரியில் பின்கோடைப் பாருங்கள். 750 என்று தொடங்கினால் நகரத்துக்குள் இருக்கிறது. கடைசி இரண்டு எண்கள்தான் வட்டாரம். 75013 என்றால் பதின்மூன்றாவது. 77, 93, 95 என்று தொடங்கினால், பெயரில் பாரிஸ் என்று எவ்வளவு பெரிதாகப் போட்டிருந்தாலும் அது நகரத்துக்கு வெளியே. வெளியே இருப்பதில் தப்பில்லை. விமான நிலையத்தை ஒட்டி ஒரு நெடுஞ்சாலை ஓரத்தில், பஸ் பிடித்து ரயில் நிலையம் போக வேண்டிய இடத்தில் இருந்தால்தான் கஷ்டம். வாடகையில் மிச்சம் பிடித்த இருபது யூரோ, இரவு ஒரு டாக்ஸியில் போய்விடும்.

அதனால்தான் ஹோட்டல் பட்டியலைத் திறப்பதற்கு முன் மெட்ரோ வரைபடத்தைத் திறக்கச் சொல்கிறேன். 2025 ஜனவரியில் ஒரு நல்ல காரியம் நடந்தது. மெட்ரோவும் புறநகர் ரயிலும் பாரிஸ் நகரம், புறநகர் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கட்டணத்துக்கு வந்தன. ஒரு பயணம் 2.50 யூரோ என்று தொடங்கினார்கள். விமான நிலையத்துக்கு மட்டும் தனி டிக்கெட், அது விலை கூட. முன்பெல்லாம் புறநகரில் தங்கினால் ரயில் டிக்கெட் இழுத்துவிடும். இப்போது பத்து ஸ்டேஷன் தள்ளி இருந்தாலும் அதே காசு. ஆகவே கேள்வி ஒன்றுதான்: ஹோட்டல் வாசலிலிருந்து ஸ்டேஷன் எத்தனை நிமிஷ நடை? பத்து நிமிஷத்துக்கு மேல் என்றால் நான் அதை விட்டுவிடுவேன்.

வயதானவர்கள் கூட வந்தால் 14-ஆம் எண் மெட்ரோவைப் பிடித்துக்கொள்ளுங்கள். பாரிஸ் மெட்ரோ பழையது. பெரும்பாலான ஸ்டேஷன்களில் படி, படி, மறுபடியும் படி. 1998-இல் வந்த இந்த 14-இல் மட்டும் எல்லா ஸ்டேஷனிலும் லிஃப்ட் உண்டு. 2024 ஜூனில் தெற்கே ஓர்லி விமான நிலையம் வரைக்கும், வடக்கே சான்-தெனி வரைக்கும் நீட்டிவிட்டார்கள். ஒலம்பியாத், பெர்சி, கூர் சான்-எமிலியோன், வடக்கே சான்-உவான் ஆகிய ஸ்டேஷன்களை ஒட்டி நடுத்தர விலை ஹோட்டல்கள் இருக்கின்றன. அங்கிருந்து நகரத்தின் நடுவே ஷாட்டலேக்குச் சில ஸ்டேஷன்கள்தான். அம்மாவின் முழங்காலை நினைத்து நான் எடுத்தது ஒலம்பியாத் பக்கம். காலையில் கிளம்பும்போதே அம்மா களைத்துப்போகவில்லை என்பதே எனக்குப் பெரிய லாபமாக இருந்தது.

இளைஞர்கள் என்றால் எந்த லைனும் சரி. அவர்களுக்கு நான் சொல்வது 1-ஆம் எண் லைன். மேற்குக் கோடியில் லா தெஃபான்ஸ், கிழக்குக் கோடியில் வான்சென். நடுவில் வெற்றி வளைவு, ஷான்செலிசே, லூவ்ர், பாஸ்தீ எல்லாம் அதே லைனில். லா தெஃபான்ஸ் கண்ணாடிக் கட்டட அலுவலகப் பகுதி. வார நாட்களில் கம்பெனிக்காரர்கள் தங்குவதால் விலை ஏறும். வெள்ளி, சனி, ஞாயிறு இரவுகளிலும் ஆகஸ்ட் மாதத்திலும் அதே ஹோட்டல்கள் இறங்கி வரும். நல்ல தரமான ரூம் பாதி விலைக்கு வருவதை அங்கே நான் பார்த்திருக்கிறேன். சனி, ஞாயிறு மட்டும் பாரிஸில் இருக்கப் போகிறவர்கள் வேறெங்கும் தேட வேண்டாம்.

நகரத்துக்குள்ளேயே இருக்க வேண்டும் என்றால் 12, 13, 14, 15, 19, 20 ஆகிய வட்டாரங்களைப் பாருங்கள். என் ஓட்டு 13-க்கு. பிளாஸ் திதாலியில் மூன்று மெட்ரோ லைன்கள் கூடுகின்றன. பக்கத்தில் சீன, வியட்நாம் கடைகள் நிறைய. அரிசி, காய்கறி, கொத்தமல்லி எல்லாம் நடந்துபோய் வாங்கலாம். 15 குடும்பங்கள் வாழும் அமைதியான இடம், ஆனால் போர்த் த வெர்சாய் கண்காட்சி நடக்கும் நாட்களில் அங்கே விலை தாறுமாறாக ஏறும். இரண்டு பேர் தங்கும் சுத்தமான ரூம் ஓர் இரவுக்கு 80 முதல் 110 யூரோவுக்குள் கிடைத்தால் யோசிக்காமல் எடுத்துவிடலாம் என்பது என் அளவுகோல்.

எல்லோரும் கேட்பது லா சப்பலைப் பற்றி. கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்னால், ஈழத்தமிழர்கள் உருவாக்கிய கடைத்தெரு. தமிழில் பெயர்ப்பலகை, இடியப்பம், கொத்து ரொட்டி, புடவைக் கடை, நகைக் கடை எல்லாம் உண்டு. மாணிக்க விநாயகர் ஆலயத் தேர்த் திருவிழா ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் தொடக்கத்தையொட்டி வரும். தெருவில் தேங்காய் மலைபோல் குவித்து உடைப்பார்கள். போர் துரத்தி வந்தவர்கள் அயல் மண்ணில் இப்படி ஒரு தெருவை எழுப்பியிருக்கிறார்களே என்று எனக்குக் கண் கலங்கியது. கட்டாயம் போய்ச் சாப்பிடுங்கள். தங்குவதற்கு மட்டும் என் யோசனை வேறு. அந்த ரயில் நிலையத்தைச் சுற்றி எப்போதும் நெரிசல், பிக்பாக்கெட் பயம் உண்டு, இரவில் சில மூலைகள் சரியில்லை. முதியவர்களோடும் பெட்டிகளோடும் போகிறவர்கள் வேறு இடத்தில் தங்கி, பகலில் வந்து போவது நல்லது. மறுநாள் விடியற்காலையில் ரயிலோ விமானமோ பிடிக்க வேண்டும் என்றால் அந்த ஒரு இரவுக்கு வசதிதான்.

தேதியை நகர்த்த முடிந்தால் காசு தானாக மிஞ்சும். ஜனவரி தொடக்கத்துக்குப் பிறகு பிப்ரவரி நடு வரைக்கும், அப்புறம் நவம்பர், இவை மலிவான மாதங்கள். குளிரும், சீக்கிரம் இருட்டும். வரிசைகள் குட்டையாக இருக்கும். மே, ஜூன், செப்டம்பர், அக்டோபர் விலை கூடிய காலம். ஃபேஷன் வாரங்கள், மே கடைசியில் தொடங்கும் ரோலான் காரோஸ் டென்னிஸ், ஒற்றைப்படை ஆண்டு ஜூனில் வரும் விமானக் கண்காட்சி, இவற்றின் தேதிகளை முன்பே பார்த்து ஒதுங்கிவிடுங்கள். நம் பள்ளி விடுமுறை ஏப்ரல், மே என்பதால் வேறு வழியில்லாதவர்கள் நான்கைந்து மாதம் முன்னால் பதிவு செய்யுங்கள். ஞாயிறு இரவு பெரும்பாலும் வாரத்திலேயே மலிவு.

இனி கணக்கு. திரையில் தெரியும் விலை முழு விலை இல்லை. தங்குவோர் வரி என்று தலைக்கு, ஒவ்வோர் இரவுக்கும், தனியாகக் கட்ட வேண்டும். 2024-இல் இதை நன்றாகவே ஏற்றிவிட்டார்கள். மூன்று நட்சத்திர ஹோட்டலில் ஒருவருக்கு 5 யூரோவுக்கு மேல், இரண்டு நட்சத்திரத்தில் 3 யூரோ சொச்சம். 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு இல்லை. கணவன், மனைவி, மாமியார், பத்து வயதுப் பையன் என்று ஆறு இரவு தங்கினால், மூன்று நட்சத்திரத்தில் வரி மட்டுமே 90 யூரோவைத் தாண்டும். இரண்டு நட்சத்திரத்தில் 60 யூரோவை ஒட்டி நிற்கும். அடுத்தது காலைச் சாப்பாடு. ஹோட்டலில் தலைக்கு 13 யூரோ என்று வைத்துக்கொண்டால் நாலு பேருக்கு ஒரு நாளைக்கு 52, ஆறு நாளைக்கு 312 யூரோ. அந்தப் பணத்தில் இரண்டு பேர் ரூம் ஒன்றை இன்னும் இரண்டு மூன்று இரவு எடுக்கலாம்! தெருமுனை பேக்கரியில் சூடான குரோசான் ஒன்றரை யூரோவுக்குள் கிடைக்கும்போது இது எதற்கு? விலையில் காலைச் சாப்பாடு சேர்ந்தே வரும் ஹோட்டல்களும் உண்டு. அதைப் பார்த்து ஒப்பிடுங்கள்.

நாலு பேர் போகிறீர்கள் என்றால் சமையல் மேடையுள்ள ஸ்டுடியோதான் எல்லாவற்றையும்விட மலிவாக முடியும். அடாஜியோ அக்ஸஸ், சிதாதின் போன்ற அபார்ட்மென்ட் ஹோட்டல்களில் அடுப்பு, ஃப்ரிட்ஜ், பாத்திரம் எல்லாம் இருக்கும். பால், தயிர், ரொட்டி, முட்டை, பழம் எந்த சூப்பர் மார்க்கெட்டிலும் கிடைக்கும். சாம்பார் பொடியும் பருப்பும் லா சப்பலில் வாங்கிக்கொள்ளலாம். சைவம் சாப்பிடும் பெரியவர்களுக்கு இரவில் ஒரு ரசம் சாதம் கிடைத்துவிட்டால் அடுத்த நாள் தெம்பாக நடப்பார்கள். குழாய்த் தண்ணீர் குடிக்கலாம், பாட்டில் வாங்க வேண்டாம். ஒன்றை நினைவில் வையுங்கள்: இரண்டு பேர் ரூம் என்றால் அங்கே இரண்டு பேர்தான். பாய் போட்டு இன்னொருவர் படுத்துக்கொள்வது நடக்காது, வரவேற்பிலேயே நிறுத்திவிடுவார்கள். பதிவு செய்யும்போதே குழந்தையின் வயதோடு சரியான ஆள் கணக்கைக் கொடுங்கள்.

ரூம்கள் சின்னவை. பன்னிரண்டு சதுர மீட்டருக்கு மேல் கிடைத்தால் பெரிய ரூம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய கட்டடங்களில் லிஃப்ட் இருக்காது, இருந்தாலும் ஒரு ஆளும் ஒரு பெட்டியும் ஏறும் அளவுதான். லிஃப்ட் உண்டா, எந்த மாடி என்று எழுதிக் கேட்டுவிடுங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை போனால் ஏசியும் கட்டாயம் பாருங்கள். ஐரோப்பா என்றால் குளிர் என்றே நாம் நினைக்கிறோம். 2019 ஜூலை 25 அன்று பாரிஸில் 42.6 டிகிரி வெயில் அடித்தது. பெங்களூரில் வளர்ந்த நாம் அதைத் தாங்க மாட்டோம்.

ஹாஸ்டல்களைப் பற்றிச் சுருக்கமாக: தனியாகப் போகும் பிள்ளைகளுக்கு மாரே பகுதியில் 17-ஆம் நூற்றாண்டு மாளிகைகளில் நடக்கும் மிஜெ ஹாஸ்டல்கள் அருமை. மாணவர்களும் ஆராய்ச்சியாளர்களும் 14-ஆம் வட்டாரத்தில் உள்ள சர்வதேசப் பல்கலைக்கழக வளாகத்தில் குறுகிய காலத்துக்கு இடம் கேட்டுப் பார்க்கலாம். அங்கே இந்தியா இல்லமும் இருக்கிறது.

விசாவுக்கு, தங்கும் எல்லா இரவுகளுக்கும் இடத்தைக் காட்ட வேண்டும். இலவசமாக ரத்து செய்யக்கூடிய பதிவாக எடுங்கள், ஒரு இரவுகூட விட்டுப்போகக் கூடாது. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பாண்டிச்சேரிச் சொந்தம், யாழ்ப்பாணச் சம்பந்தி என்று பாரிஸில் வீடு இருப்பவர்கள் நம்மில் பலர். அங்கே தங்குவதாக இருந்தால் வெறும் அழைப்புக் கடிதம் போதாது. உங்களைத் தங்க வைக்கும் உறவினர் தம் நகராட்சியில் 30 யூரோ கட்டணத்தோடு விருந்தினர் சான்றிதழ் வாங்கி, அதன் மூலப் பிரதியை உங்களுக்கு அனுப்ப வேண்டும். சில நகராட்சிகளில் வாரக் கணக்கில் ஆகும், அதனால் முன்னாடியே சொல்லி வையுங்கள்.

தனி வீடு வாடகைக்கு எடுத்தால் விளம்பரத்தில் நகராட்சிப் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். சொந்தமாக வாழும் வீட்டை ஆண்டுக்கு 90 இரவுகளுக்கு மேல் இப்படி விடக்கூடாது என்பது 2025 முதல் அங்கே சட்டம். எண் இல்லாத வீடு கடைசி நேரத்தில் கைவிட்டுப் போகலாம். விலை எவ்வளவு குறைந்தாலும் எனக்கு அது வேண்டாம்.

கிளம்பும் முன் வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை ஆன் செய்யுங்கள். இல்லாவிட்டால் ஹோட்டல் கார்டைச் சரிபார்க்கும்போது மறுத்துவிடும், பதிவே ரத்தாகலாம். அங்கே கார்டு மெஷின் ரூபாயா யூரோவா என்று கேட்டால் யூரோ என்றே அழுத்துங்கள். மெட்ரோவுக்கும் ரயிலுக்குமான வார நவிகோ பாஸ் திங்கள் முதல் ஞாயிறு வரைதான் செல்லும், விமான நிலையமும் அதில் அடங்கும். திங்கள் இறங்கி ஞாயிறு கிளம்பினால் முழுப் பலன். இங்கிருந்து நேரடி விமானம் காலையில் இறக்கிவிடும், ரூம் பிற்பகலில்தான் கிடைக்கும். பெட்டிகளை வரவேற்பில் விட்டுவிட்டு வெளியே போகலாமா என்று முந்தின நாளே கேட்டு எழுதுங்கள். கூட வரும் பெரியவர்களின் பர்ஸில் ஹோட்டல் பெயர், முகவரி, பக்கத்து ஸ்டேஷன், லைன் எண், உங்கள் போன் நம்பர் எல்லாவற்றையும் தமிழிலும் பிரெஞ்சிலும் ஒரு அட்டையில் எழுதி வையுங்கள்.