ஓசூர் எல்லையோ தொப்பூர் கணவாயோ அடைபட்டால்: தக்காளி, மாங்கூழ் அனுப்புவோருக்கான வழிமுறை

சென்னை, பெங்களூரு, சேலம், திண்டிவனம், குப்பம் ஆகிய ஊர்களிலிருந்து வரும் சாலைகள் கிருஷ்ணகிரியில் கூடுகின்றன. ராயக்கோட்டை, பாலக்கோடு மண்டிகளும் மாங்கூழ் ஆலைகளும் நம்பியிருப்பது இந்தச் சந்திப்பைத்தான். ஆனால் இந்த வசதியில் பெரும்பங்கு சேலம் செல்லும் வழியிலுள்ள தொப்பூர் கணவாய், கர்நாடகத்துக்குள் நுழையும் ஓசூர் எல்லை என்னும் இரண்டு குறுகிய இடங்களைக் கடந்தே கிடைக்கிறது என்பதால், லோடு ஏற்றுவதற்கு முன்பே அவை அடைபடும் நாளுக்கான முடிவை எடுத்து வைத்திருப்பது அவசியம்.

முதலில் தடையின் தன்மையைப் பிரித்தறிய வேண்டும். தொப்பூர் இறக்கத்தில் லாரி கவிழ்ந்தால் கிரேன் வந்து அகற்றியதும் சாலை பெரும்பாலும் சில மணி நேரத்தில் திறந்துவிடும். முன்கூட்டி அறிவிக்கப்பட்ட கர்நாடக பந்த் வழக்கமாகக் காலை முதல் மாலை வரை நீடிக்கும். ஆனால் 2016 செப்டம்பர் 12 அன்று காவிரிப் பிரச்சினையில் பெங்களூருவில் தமிழகப் பதிவெண் கொண்ட பேருந்துகளும் லாரிகளும் எரிக்கப்பட்டதைப் போன்ற நிலையில், எல்லை எப்போது சீராகும் என்று எவராலும் சொல்ல முடியாது. அத்தகைய நாளில் ஓட்டுநரின் உயிர்தான் முதல் கணக்கு. மற்றவை அதற்குப் பின்.

அடுத்து, எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்பதைச் சரக்கை வைத்தே கணக்கிட வேண்டும். எடுத்துக்காட்டாக, ஏற்றும்போது தக்காளிக்கு 72 மணி நேர ஆயுள் இருப்பதாகக் கொள்வோம். மாற்று வழிப் பயணத்துக்கு 12 மணி நேரமும், மண்டியில் விற்றுச் சில்லறைக் கடைக்குச் சேர 24 மணி நேரமும் கழித்தால் 36 மணி நேரம் மிஞ்சும். அதில் பாதியான 18 மணி நேரத்தை மட்டுமே காத்திருப்புக்கு ஒதுக்கலாம். அந்த நேரம் தாண்டியதும், “இன்னும் ஒரு மணி நேரத்தில் திறந்துவிடுவார்கள்” என்று யார் சொன்னாலும் லாரியைத் திருப்பிவிட வேண்டும். இந்தக் காத்திருப்பு வரம்பை விவசாயி, மண்டிக்காரர், லாரி உரிமையாளர் மூவரும் ஏற்றும்போதே பேசி முடித்திருப்பது நல்லது, ஏனெனில் நள்ளிரவில் தொலைபேசியில் நடக்கும் வாக்குவாதத்தில் சரக்கின் ஆயுள்தான் கரைகிறது. பந்த் அறிவிப்பு வந்துவிட்டால், பழுத்த காயை உள்ளூரிலேயே விற்றுவிட்டு, செங்காய்ப் பதத்தில் (முழுதும் பழுக்காத நிலையில்) பறித்ததை மட்டும் தூர ஊருக்கு ஏற்றலாம். கிருமிநீக்கம் செய்த பையில் அடைத்துப் பீப்பாயில் வைத்த மாங்கூழோ கெடாமல் காத்திருக்கும். அதற்கு அச்சம் துறைமுகத்தில் கப்பலுக்கான கடைசி நேரம் மட்டுமே.

மாற்று வழியைத் தேர்வதில்தான் அதிகக் கவனம் வேண்டும். தொப்பூரைத் தவிர்த்துச் சேலம் செல்ல, கிருஷ்ணகிரியிலிருந்து ஊத்தங்கரை, அரூர், மஞ்சவாடிக் கணவாய் வழி இருக்கிறது. விபத்தால் தொப்பூர் அடைபட்டால் இது சரியான மாற்று. ஆனால் 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்கு மழை கொட்டி, ஏரி நீர் பெருகி, சாலையோரம் நின்ற வாகனங்களையே அடித்துச் சென்றது. ஆகவே ஒவ்வொரு மாற்று வழிக்கும் எதிரே, அது எந்தக் காரணத்துக்கு உதவும், எதற்கு உதவாது என்று எழுதி வைக்க வேண்டும். கர்நாடக எல்லை மூடப்பட்டால் தளி, ஆனேக்கல் வழிச் சிறு சாலைகளும் அதே காரணத்தால் பயனற்றுப் போகலாம். வடக்கே ஐதராபாத் பக்கம் போகும் லோடு, கர்நாடகத்தைத் தொடாமல் குப்பம், மதனப்பள்ளி வழியாக அனந்தபூர் சென்று 44ஆம் எண் நெடுஞ்சாலையில் சேரலாம். அதற்குத் தேசிய பெர்மிட் (பிற மாநிலங்களிலும் ஓடுவதற்கான அனுமதி) உள்ள லாரி தேவை. பெங்களூருக்கே போக வேண்டிய சரக்குக்கு மாற்று வழி தேடுவதைவிட மாற்றுச் சந்தை தேடுவதே மேல். கோயம்பேட்டில் தெரிந்த கமிஷன் மண்டி ஒன்றோடு, தேவையில்லாத நாள்களிலும் சிறிதளவு கொடுக்கல் வாங்கல் வைத்திருப்பவருக்கே அவசர நாளில் இடம் கிடைக்கிறது.

லாரி நிற்கும் நேரத்தில் தார்ப்பாயைத் தளர்த்தி, நிழலில் நிறுத்தி, பெட்டிகளுக்கிடையே காற்று போக விட வேண்டும். தக்காளி சுவாசிக்கும்போது வெளியேறும் வெப்பம் மூடிய லோடில் தங்கினால் காய் விரைவில் குழைந்துவிடும். சாலை நிலவரத்தை, தேசிய நெடுஞ்சாலை உதவி எண்ணான 1033-இலும், மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் 1077-இலும் கேட்டறியலாம்.

காகித வேலையில் தவறினால் சாலை திறந்த பிறகும் லாரி நிற்கும். பதப்படுத்தாத காய்கனிகளுக்கு இ-வே பில் (சரக்கு கொண்டுசெல்வதற்கான ஜிஎஸ்டி மின்னணுச் சீட்டு) தேவையில்லை, மாங்கூழுக்கு உண்டு. 200 கி.மீ.க்கு ஒரு நாள் என்று அதன் செல்லுபடிக் காலம் கணக்கிடப்படுகிறது. தடையால் அது முடியும் நிலை வந்தால், முடிவதற்கு முன்னும் பின்னும் உள்ள எட்டு மணி நேரத்துக்குள் போக்குவரத்தாளர் நீட்டித்துக்கொள்ள வேண்டும். சரக்கை வேறு லாரிக்கு மாற்றினால் புதிய வண்டி எண்ணை இ-வே பில்லின் ‘பி’ பகுதியில் பதிய வேண்டும். தாமதத்தால் மட்டுமே ஏற்படும் அழுகலைச் சரக்குக் காப்பீடு பொதுவாக ஏற்பதில்லை என்பதால், காத்திருப்பு வாடகையும் ஓட்டுநர் பேட்டாவும் யார் பொறுப்பு என்பதை வாடகை பேசும்போதே எழுத்தில் கொண்டுவருவது நல்லது.

சாலை திறந்த முதல் இரவில், தேங்கி நின்ற எல்லா லாரிகளும் ஒரே மண்டியில் ஒன்றாக இறங்கி விலை சரியும். தாங்கும் சரக்காக இருந்தால் ஒரு நாள் தள்ளி அனுப்புங்கள். தாங்காததாக இருந்தால் பாதியை வேறு ஊர் மண்டிக்குப் பிரித்துவிடுங்கள்.